காட்டுச் சரிவில் முதல் சுற்று: செஸ்ட்நட் பூங்காவின் மலைச் சைக்கிள் தடங்கள்

சிங்கப்பூரின் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியை ஒட்டி, புக்கிட் பாஞ்சாங் குடியிருப்புகளிலிருந்து சைக்கிளிலேயே சென்றடையக்கூடிய தொலைவில், 81 ஹெக்டர் பரப்பில் செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா அமைந்துள்ளது. அதன் தென்பகுதி 2016 ஏப்ரலிலும் வடபகுதி 2017 பிப்ரவரியிலும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. தென்பகுதியில் 1.6 கிலோமீட்டர், வடபகுதியில் 6.6 கிலோமீட்டர் என மொத்தம் 8.2 கிலோமீட்டர் மலைச் சைக்கிள் தடம் அங்கு உண்டு. நடப்பவர்களுக்கான தடங்கள் இவற்றிலிருந்து பிரித்தே போடப்பட்டிருப்பதால், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அந்நாட்டில் இதைவிடப் பொருத்தமான காடு கிடைப்பது அரிது.

8 கிலோமீட்டர் என்றதும் சாலையில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தூரம்தானே என்று கணக்குப் போடுவோர் உண்டு. நாட்டின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான், இதில் மலை எங்கே வந்தது என்று கேட்போரும் உண்டு. ஆனால் தடத்தின் கடுமை குன்றின் உயரத்தைப் பொறுத்தது அன்று. நீளம் குறைந்த ஆனால் செங்குத்தான சரிவுகளும், குறுக்கே ஓடும் வேர்களும், கருங்கல் பாறை நெடுங்காலம் சிதைந்து உருவான களிப்பான மண்ணும், அந்த மண்ணை உலரவிடாத ஈரக்காற்றும் சேர்ந்தே அதைக் கடினமாக்குகின்றன. புதியவர் விழுவதற்குச் சரிவைக் காட்டிலும் பெரிய காரணம், பிரேக் பிடிக்கக் கூடாத இடத்தில் அதைப் பிடிப்பதுதான். ஆகவே இந்த அத்தியாயத்தில் மற்ற எதையும்விடப் பிரேக்குக்கே கூடுதல் இடம் தரப்படுகிறது.

தடத்தைத் தேர்ந்தெடுத்தல்

காட்டுக்குள் செல்லும் மலைச் சைக்கிள் தடம் பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையாகவே இருக்கும். அதாவது, ஒரு சைக்கிள் மட்டும் செல்லும் அகலமே அதற்கு உண்டு, பக்கவாட்டில் மரமோ பள்ளமோ நெருங்கி நிற்கும். அத்தகைய தடங்களின் கடினத்தைக் குறிக்க, 1988இல் தொடங்கப்பட்ட அனைத்துலக மலைச் சைக்கிள் சங்கம் வகுத்த குறியீடுகள் உலகின் பல பகுதிகளில் பின்பற்றப்படுகின்றன. பச்சை வட்டம் எளிய தடத்தையும், நீலச் சதுரம் நடுத்தரத் தடத்தையும், கறுப்பு வைரக்கட்டம் கடினமான தடத்தையும், இரட்டைக் கறுப்பு வைரக்கட்டம் மிகக் கடினமான தடத்தையும் குறிக்கும். இக்குறியீடுகள் ஓர் இடத்தின் தடங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கே நன்கு உதவும். ஒரு நாட்டின் நீலத்தை ஓட்டியவருக்கு இன்னொரு நாட்டின் நீலமும் கைவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதன்முறை செல்பவர் பின்வரும் வரிசையைக் கைக்கொள்வது நல்லது.

1. நுழைவாயிலில் உள்ள வரைபடத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். மரநிழலில் இணையத் தொடர்பு சில இடங்களில் தளர்ந்துவிடலாம்.
2. தென்பகுதியின் 1.6 கிலோமீட்டரை முதலில் ஒரு முறை மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். இந்தச் சுற்று வேகத்துக்கானது அன்று, கண்ணுக்கானது: எங்கே வேர், எங்கே திடீர் வளைவு, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பார்த்துவைப்பதே இதன் நோக்கம்.
3. அதே தடத்தை மீண்டும் ஒரு முறை வழக்கமான வேகத்தில் ஓட்டி, எந்த இடத்திலும் காலை ஊன்றாமல் முடிக்க முடிந்தால் மட்டும் வடபகுதிக்குச் செல்ல வேண்டும்.
4. வடபகுதியில் வைரக்கட்டப் பலகை தென்படும் இடத்தில் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, அந்தப் பகுதியின் முடிவுவரை நடந்து பார்த்துத் திரும்ப வேண்டும். ஓட்டத் துணிவில்லை எனில் தள்ளிக்கொண்டு நடக்கலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அனுபவம் மிக்கவர்களும் புதிய தடத்தில் இதையே செய்கிறார்கள்.

பொதுத் தவறு: முன்னால் செல்லும் நண்பரின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கடினமான பகுதிக்குள் நுழைந்துவிடுவது. அவர் தாண்டியதைக் கொண்டு அந்த இடம் எளிது என்று முடிவு கட்டிவிட முடியாது.

நேரமும் வானிலையும்

பூங்கா காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு எழுந்து 7 மணிக்கு மறைவதால், நேரம் போதும் என்று தோன்றக்கூடும். ஆனால் அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே மாலை 6 மணிக்கே வேரும் நிழலும் ஒரே நிறமாகிவிடும். கடைசிச் சுற்றை 5.30 மணிக்கு மேல் தொடங்காதிருப்பது பாதுகாப்பானது.

இடிமழை அங்கு விதிவிலக்கு அன்று, வழக்கம். ஆண்டில் ஏறத்தாழ 170 நாள்கள் இடியோசை கேட்கும் நாடு அது. பெரும்பாலான இடிமழைகள் பிற்பகலில் வருபவை; அவை தவிர, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றுடன் விடியற்காலையிலும் மழை வந்து சேரும். ஆகவே, முந்திய இரவும் அன்று காலையும் வறண்டிருந்த நாளில், காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடைப்பட்ட நேரமே முதல் சுற்றுக்கு ஏற்றது. கனமழை பெய்த மறுநாள் காலை வெயில் அடித்தாலும், மரக்கூரை மறைக்கும் தடம் உடனே காயாது என்பதை மறக்கக் கூடாது.

மழைக்குப் பிறகு தடம் ஓட்டத்தக்கதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தடத்தின் தொடக்கத்தில் 20 அடி தூரம் சைக்கிளை உருட்டிச் சென்று டயரைப் பார்க்க வேண்டும். மண் தூளாக ஒட்டி உதிர்ந்தால் செல்லலாம். களியாக அப்பி, டயரின் கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை நிரப்பிவிட்டால் அன்றைய ஓட்டத்தைக் கைவிட வேண்டும். அந்த இடைவெளிகள் அடைபட்ட டயர் மண்ணைக் கவ்வாது, வழுக்கும். மேலும், ஈரக்களியில் பதியும் சக்கரத் தடம் காய்ந்தபின் வாய்க்காலாகி அடுத்த மழைநீரைத் தன் வழியே இழுத்துச் சென்று பாதையை அரித்துவிடும்.

பூங்காவுக்குச் செல்லும் வழி: பெருவிரைவு ரயிலில் மடக்கு சைக்கிள்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு, மலைச் சைக்கிளை ஏற்ற முடியாது. சைக்கிளைக் காரில் எடுத்துச் செல்லலாம், அல்லது புக்கிட் பாஞ்சாங் பக்கமாகப் பூங்கா இணைப்புப் பாதைகள் வழியே ஓட்டியே வரலாம். சாலையில் ஓட்டும் பகுதி இருந்தால் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். 2019 பிப்ரவரி முதல் இது நடப்பில் உள்ளது.

சைக்கிளும் கவசமும்

முன்பக்கம் அதிர்வு தாங்கும் ஃபோர்க்கும், டிஸ்க் பிரேக்கும், 2.1 அங்குலத்துக்குக் குறையாத கட்டை டயரும் உள்ள சைக்கிள் இந்தத் தடங்களுக்குப் போதும். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள விலையுயர்ந்த சைக்கிள் ஓட்டத்தை இதமாக்கும், ஆனால் ஓட்டும் திறனை அது தந்துவிடாது. முதல் ஆண்டில் அந்தச் செலவைத் தள்ளிப்போடுவதே விவேகம். சந்தைக்கு அல்லது அலுவலகத்துக்குச் செல்லும் மெல்லிய டயர் சைக்கிளையோ, பிரேக் கட்டை தேய்ந்த பழைய சைக்கிளையோ காட்டுக்குள் கொண்டுசெல்லக் கூடாது.

புறப்படும் முன் செய்ய வேண்டிய சோதனை:

1. டயரில் காற்று: சாலைக்கு ஏற்றபடி கல்லாக இறுகிய டயர் வேரின்மேல் துள்ளும். டியூப் உள்ள டயருக்கு, ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து 25 முதல் 35 பிஎஸ்ஐ வரை போதும். எடை கூடியவர் மேல் அளவையும் குறைந்தவர் கீழ் அளவையும் கொள்ளலாம். பிஎஸ்ஐ என்பது பம்பின் மானியில் காணும் காற்றழுத்த அலகு. மிகக் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல இரட்டைத் துளை விழும்.
2. பிரேக்: இரு பிடிகளையும் தனித்தனியே அழுத்தி, பிடி ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு வெகு முன்பே சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.
3. அச்சுகள்: இரு சக்கரங்களின் அச்சும் இறுகியுள்ளனவா என்று கையால் உறுதி செய்ய வேண்டும். வாடகைச் சைக்கிளில் இதை இரு முறை செய்ய வேண்டும்.
4. ஹேண்டில்பார்: முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்து, பாரைத் திருப்பிப் பார்க்க வேண்டும், சக்கரம் அசையாமல் பார் மட்டும் திரும்பினால் ஆணிகள் தளர்ந்துள்ளன.
5. செயின்: பெடலைப் பின்னோக்கிச் சுற்றும்போது கரகரவென்று ஒலித்தால் எண்ணெய் தேவை. எண்ணெய் டிஸ்க் தகட்டில் ஒரு துளிகூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிப்பு போய்விடும்.
6. சீட்டின் உயரம்: ஏற்றத்துக்கு உயரமாகவும் இறக்கத்துக்குத் தாழ்வாகவும் வேண்டும் என்பதால், அதை எளிதில் மாற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைக்கவசம் புருவத்துக்கு இரு விரல் மேலே, கிடைமட்டமாக அமர வேண்டும். பட்டைகள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் மட்டுமே நுழைய வேண்டும். பலமாக மோதிய தலைக்கவசம் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதை மாற்றியே ஆக வேண்டும். முழுவிரல் கையுறையும், அடிப்பாகம் தட்டையான காலணியும் தேவை. முழங்கால் கவசம் கட்டாயமில்லை என்றாலும், புதியவருக்கு அது தரும் துணிவு அதன் எடைக்கு ஈடானது.

பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், சக்கர அளவுக்கு ஏற்ற மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகள், கைப் பம்பு, பல ஸ்பேனர்கள் அடங்கிய சிறு கருவி, முதலுதவிப் பொருள்கள், மின்னூட்டிய கைப்பேசி. இவற்றைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாமல் முதுகுப் பையில் வைக்க வேண்டும். அதன் காரணம் குரங்குகளைப் பற்றிய பகுதியில் தெளிவாகும்.

தடத்தில் ஏறும் முன்: நிற்கும் நிலையும் பிரேக்கும்

பூங்காவில் பம்ப் டிராக் எனப்படும் சிறு பயிற்சிச் சுற்று உண்டு. மண்மேடுகளும் சாய்ந்த வளைவுகளும் அடுத்தடுத்து அமைந்த அந்தச் சுற்றில், பெடல் மிதிக்காமல், உடலை மேட்டின் இறங்குமுகத்தில் அமுக்கியும் ஏறுமுகத்தில் தளர்த்தியும் வேகம் சேர்க்கப் பழகலாம். அதற்கும் முன்னதாக, வாகன நிறுத்துமிடத்துக்கு அருகில் ஆள் நடமாட்டமில்லாத தட்டையான இடத்தில் கீழ்க்காணும் இரண்டையும் பழக வேண்டும்.

முதலாவது, தயார் நிலை. சீட்டிலிருந்து எழுந்து, இரு பெடல்களையும் தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் நிறுத்தி, முழங்காலையும் முழங்கையையும் சற்று மடக்கி, முழங்கைகள் வெளிப்பக்கம் பார்க்க, உடல் எடை முழுவதையும் பாதங்களில் தாங்கி நிற்பதே தயார் நிலை. கைகள் பாரைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. அவை திசை காட்டவும் பிரேக் பிடிக்கவும் மட்டுமே உள்ளவை. இறக்கம் முழுவதையும், வேரும் கல்லும் உள்ள எல்லா இடங்களையும் இந்நிலையிலேயே கடக்க வேண்டும். ஒரு பெடல் தாழ்ந்திருந்தால் அது வேரில் மாட்டி ஓட்டுபவரைத் தூக்கி எறியும்.

இரண்டாவது, பிரேக். டயருக்கு மண்ணில் கிடைக்கும் பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. அந்தப் பிடிப்பை வேகத்தைக் குறைப்பதற்குச் செலவிட்டால், திரும்புவதற்கு மிச்சம் இராது. நேரான, காய்ந்த மண்ணில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவிலும் வேரிலும் பிடியை விட்டுவிட வேண்டும் என்ற விதி இதிலிருந்தே பிறக்கிறது. அச்சம் எழும்போது கை தானாகவே இறுகும் என்பதால், இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது. கை பழகும்வரை செய்து பார்க்க வேண்டும்.

1. எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பதை முதலில் அறிய வேண்டும். சிங்கப்பூரில் விற்கப்படும் சைக்கிள்கள் பல நாடுகளிலிருந்து வருபவை. சிலவற்றில் வலப்பிடி முன்சக்கரத்துக்கும் சிலவற்றில் பின்சக்கரத்துக்கும் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பிடியை அழுத்தியபடி சைக்கிளை முன்னே தள்ளினால் எது பூட்டிக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும்.
2. ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் பிடியின் நுனியில் வைத்து, மற்ற விரல்களால் பாரைப் பற்ற வேண்டும். நான்கு விரலாலும் பிரேக் பிடிப்பவருக்குப் பாரைப் பற்ற ஏதும் மிஞ்சாது.
3. நடைவேகத்தில் சென்று பின்பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும். சக்கரம் பூட்டி இழுபடும் கணம் எது என்பதை உணர்ந்து, அதற்குச் சற்று முன்பே அழுத்தத்தை நிறுத்தப் பழக வேண்டும்.
4. அதே வேகத்தில், இடுப்பைச் சற்றுப் பின்னே தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, முன்பிரேக்கை மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்பிரேக்கிலேயே உள்ளது. அதைக் கண்டு அஞ்சி ஒதுக்குவதும் தவறு, ஒரேயடியாக இறுக்குவதும் தவறு.
5. தரையில் ஓர் இலையை அடையாளமாக வைத்து, இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து, முன்சக்கரம் அந்த இலையருகே நிற்குமாறு செய்து பழக வேண்டும்.
6. இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை இடைவெளி விட்டு வைத்து, அவற்றைச் சுற்றி வளைய வேண்டும்: நேராக வரும்போதே வேகத்தைக் குறைத்து, வளையத் தொடங்கும் முன் பிடியை விட்டு, வளைந்து முடித்தபின்னரே மீண்டும் பெடல் மிதிக்க வேண்டும்.

ஆறாவது பயிற்சி கை கூடாதவர் அன்று தடத்தில் ஏறாதிருப்பதே நல்லது.

ஏற்றம்

ஏற்றத்தில் இளைத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், கியரைத் தாமதமாக மாற்றுவது. சரிவு தொடங்கியபின், பெடலைப் பலமாக அழுத்திக்கொண்டே கியர் மாற்றினால் செயின் திணறும், கழன்றும் போகும். சரிவு கண்ணில் பட்டதும், இன்னும் சமதளத்தில் இருக்கும்போதே, இலகுவான கியருக்கு மாற்றிக்கொண்டு, சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைப் பாரை நோக்கித் தாழ்த்தி, ஒரே சீராக மிதிக்க வேண்டும். முன்சக்கரம் தூக்கினால் நெஞ்சு இன்னும் தாழ வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் எடை பின்னே நகர வேண்டும். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால், அங்கேயே மீண்டும் ஏறி மிதிக்கப் போராடாமல், தடத்தின் ஓரம் ஒதுங்கிப் பின்வருபவருக்கு வழிவிட்டுத் தள்ளிச் செல்ல வேண்டும்.

வேர், கல், வளைவு

இந்தக் காட்டில் மிகுந்த கவனம் வேண்டுவது ஈர வேர்தான். பட்டை தேய்ந்து வழவழப்பான வேரில் டயர் சாய்வாகப் படும்போது, சக்கரம் வேரின் நீளவாக்கில் ஓடிவிடும். ஓட்டுபவர் என்ன நடந்தது என்று அறிவதற்குள் தோள் தரையில் இருக்கும். ஆகவே,

1. வேரை எப்போதும் குறுக்கே, இயன்றவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும்.
2. வேருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வேரின்மேல் செல்லும்போது பிரேக்கை முற்றிலும் விட்டுவிட வேண்டும்.
3. முன்சக்கரம் வேரைத் தொடும் நொடியில் கைகளைத் தளர்த்தி, முன்பகுதியின் சுமையைச் சற்றே குறைக்க வேண்டும்.
4. வேரின்மேல் இருக்கும்போது திரும்பவோ பலமாக மிதிக்கவோ கூடாது.

கற்கள் செறிந்த பகுதியில் இதற்கு நேர்மாறான தவறு நிகழ்கிறது: பயத்தால் வேகத்தை மிகவும் குறைத்து, சக்கரம் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே நின்றுவிட, சைக்கிள் பக்கவாட்டில் சாய்கிறது. சமதளத்தில் வேகமாக நடப்பவரின் வேகமேனும் அங்கு வேண்டும்.

வளைவில் கண் எங்கே போகிறதோ அங்கேதான் சைக்கிளும் போகும். மரத்தைப் பார்த்தால் மரத்தில்தான் முட்ட வேண்டிவரும். முன்சக்கரத்தைப் பார்க்காமல், வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். உடலைவிடச் சைக்கிளை அதிகமாகச் சாய்த்து, சாய்வு இல்லாத வளைவாயின் வெளிப்பக்கப் பெடலைத் தாழ்த்தி அதில் எடையை ஊன்ற வேண்டும்.

இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்திய பிறகே இறங்க வேண்டும். சரிவின் தலைப்பிலேயே வேகத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். பாதி இறங்கியபின் குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அப்போது டயருக்குக் கீழே இருப்பது வேராகவோ களியாகவோ அமைந்துவிடும். பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டே இறங்குவது பார்ப்பதற்கு வீரமாகத் தெரியலாம். அது வேகத்தையும் அதிகம் குறைப்பதில்லை, பாதையையும் கீறிவிடுகிறது. தடத்தில் நீர் தேங்கிய குழி வந்தால் அதைச் சுற்றிச் செல்லாமல், ஆழம் தெரிந்தால் நடுவே மெதுவாகச் செல்ல வேண்டும். எல்லோரும் சுற்றிச் சென்றால் ஒற்றையடிப் பாதை இரண்டாகி, ஓரத்துச் செடிகள் அழியும்.

பிற ஓட்டுநர்களும் காட்டுயிர்களும்

தடத்தில் அம்புக்குறி காட்டும் திசையிலேயே ஓட்ட வேண்டும். முந்த விரும்புபவர் தொலைவிலேயே குரல் கொடுத்து, முன்னால் செல்பவர் இடம் பார்த்து ஒதுங்கும்வரை காத்திருக்க வேண்டும். சைக்கிள் தடமும் நடைபாதையும் சந்திக்கும் இடங்களில் நடப்பவருக்கே முதலுரிமை.

நீள்வால் குரங்குகள் பிளாஸ்டிக் பையை உணவுப் பையாகவே அறிந்துவைத்துள்ளன. கையில் தொங்கும் பையைப் பறிக்க வருவது அதனால்தான். அவற்றின் கண்களை உற்றுப் பார்க்காமல், பல்லைக் காட்டாமல், நிற்காமல் கடந்து செல்ல வேண்டும். உணவளிப்பது 2020 ஜூன் முதல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபடுபவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் சைக்கிளை நிறுத்தி, அதைத் தனக்கும் பன்றிக்கும் இடையே வைத்துக்கொண்டு, மெல்லப் பின்வாங்க வேண்டும். குட்டிகளுடன் இருந்தால் இன்னும் கூடுதல் தொலைவு வேண்டும். தடத்தில் பாம்பு கிடந்தால் அது கடந்து போகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்யத் தேவையில்லை. குளவிகள் சூழத் தொடங்கினால் கையை வீசாமல் அந்த இடத்தைவிட்டு விரைந்து அகல வேண்டும்.

பஞ்சர் ஆனால்

1. தடத்தைவிட்டு ஒதுங்கி, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பின்சக்கரம் எனில் முதலில் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தக் கூடாது. பிரேக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும்.
2. எஞ்சிய காற்றை இறக்கி, நெம்புகளால் டயரின் ஒரு விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து விடுவித்து டியூபை உருவ வேண்டும்.
3. டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, முள்ளோ கற்சில்லோ தங்கியிருந்தால் எடுக்க வேண்டும். இதைத் தவறவிடுவோருக்கு மாற்று டியூபும் அடுத்த சில நிமிடங்களில் பஞ்சராகிவிடும்.
4. புதிய டியூபில் உருவம் பெறும் அளவுக்குச் சிறிது காற்றடித்து உள்ளே வைத்து, டயரின் விளிம்பைக் கையாலேயே தள்ளி உட்கார வைக்க வேண்டும். கடைசியில் நெம்பைப் பயன்படுத்தினால் டியூப் கிள்ளப்படும்.
5. காற்றடித்துச் சக்கரத்தை மாட்டி, அச்சை இறுக்கி, பிரேக் பிடித்துப் பார்த்தபின் புறப்பட வேண்டும்.

விழுந்தாலும் இடித்தாலும்

விழுபவர் கையை நீட்டி ஊன்றுவது இயல்பு. மணிக்கட்டும் காறையெலும்பும் முறிவது பெரும்பாலும் அதனால்தான். விழுந்தவர் உடனே எழ முயலாமல், விரல், கழுத்து, கால் என ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தால், கை கால் மரத்தால், அவரை அசைக்கக் கூடாது. உடன் வந்தவர்களில் ஒருவர் தடத்தின் மேற்புறம் சென்று, பின்னால் வருபவர்களை நிறுத்த வேண்டும். மற்றவர் 995 எண்ணில் குடிமைத் தற்காப்புப் படையை அழைத்து, கடைசியாகக் கண்ட பலகையின் விவரத்தையும் கைப்பேசி காட்டும் இருப்பிடத்தையும் சொல்ல வேண்டும். தலை மோதியபின் தலைவலி, வாந்தி, குழப்பம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அவர் மீண்டும் சைக்கிளில் ஏறக் கூடாது. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மின்னலைக் கண்ட 30 நொடிகளுக்குள் இடியோசை கேட்டால், அது ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் உள்ளது என்று பொருள்; ஓட்டத்தை அப்போதே நிறுத்தி, அருகிலுள்ள கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ சென்றுவிட வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழிந்த பிறகே தடத்துக்குத் திரும்பலாம். காட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டவர் தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியையும் குன்றின் உச்சியையும் தவிர்த்து, சைக்கிளிலிருந்து விலகி, தாழ்வான இடத்தில் இருக்க வேண்டும். பலத்த காற்றில் கிளைகள் முறிந்து விழும் அபாயமும் உண்டு என்பதால், மழை நின்றதும் மேலே பார்த்தபடியே வெளியேற வேண்டும்.

திரும்பிய பின்னும், அடுத்த தடத்துக்கும்

சைக்கிளில் உள்ள மண்ணைக் குறைந்த அழுத்த நீரால் கழுவ வேண்டும்; சக்கர அச்சின் உள்ளே நீர் பாய்ச்சினால் மசகு கரைந்துபோகும். செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் இட்டு, மிச்சத்தை மீண்டும் துடைத்தெடுக்க வேண்டும். சைக்கிள் வலப்பக்கம் விழுந்திருந்தால், பின்கியரைத் தாங்கும் சிறு உலோகக் கொக்கி வளைந்துள்ளதா என்று பின்னாலிருந்து பார்க்க வேண்டும். வளைந்திருந்தால், அடுத்த ஏற்றத்தில் செயின் ஸ்போக்குகளுக்குள் போய்விடும்.

செஸ்ட்நட் வடபகுதி முழுவதையும் கால் ஊன்றாமல் முடிப்பவருக்கு, புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தடம் அடுத்த படி. அதற்கும் அடுத்தது, 2008இல் திறக்கப்பட்ட புலாவ் உபின் தீவின் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் தடங்களில் இரட்டை வைரக்கட்டப் பகுதிகளும் உண்டு. சாங்கி முனையிலிருந்து தீவுக்குச் செல்லும் படகு 12 பயணிகள் சேர்ந்ததும் புறப்படும். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. படகில் சைக்கிளைப் படுக்க வைக்க நேர்ந்தால், பின்கியர் உள்ள வலப்பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, அதன்மேல் வேறு சைக்கிள் ஏற்றப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.